தொப்புள்கொடி நோட்டீஸ்

என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது ஒரு மூன்று மடிப்பு நோட்டீஸ். அதில் என் பெயர் கிடையாது. நல்லவேளை. பிள்ளை பிறந்ததும் வெட்டி எறிகிற தொப்புள்கொடியில் இருக்கும் ரத்தத்தைப் பத்திரப்படுத்தி வைத்தால், அதிலிருந்து எடுக்கும் செல்லால் பழுதான இதயத்தைக்கூடப் புதுப்பித்துவிடலாம் என்று விருதுநகர் மாவட்டத்துக்கே அறிவித்த நோட்டீஸ் அது.

அப்போது நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். செல்போனில் சினிமாப் பாட்டை ரிங்டோனாக வைப்பது பெரிய அந்தஸ்தாக இருந்த காலம். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், ஜவுளிக்கடைக்குப் பை, கட்சிக்குப் போஸ்டர், எல்லாவற்றுக்கும் எழுத்தை அடித்து, பக்கத்தில் அடுக்கி, அச்சு பிளேட் போட அனுப்புவது என் வேலை. தமிழில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வருகிறவர்களுக்கு நானே எழுதியும் கொடுப்பேன். அதற்குச் சம்பளம் தனியாகக் கிடையாது. 'தம்பிக்குத் தமிழ் நல்லா வரும்' என்று முதலாளி எல்லோரிடமும் சொல்வார், அதோடு சரி. அந்தச் சொல்லுக்கு நான் மயங்கிக் கிடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஓர் ஏஜெண்டு வந்தார். சென்னையில் இருக்கும் ஏதோ கம்பெனிக்கு மதுரை முதல் கோவில்பட்டி வரை இவர்தான் ஆள். கையில் ஆங்கிலத்தில் இரண்டு தாள். தமிழில் வேண்டும், எல்லாருக்கும் புரிய வேண்டும், பார்த்ததும் மனசில் ஒட்ட வேண்டும் என்றார். படித்துப் பார்த்தேன். அந்த ஆங்கிலம் யோக்கியமாகத்தான் இருந்தது. கடைசிப் பத்தியில், இதய நோய்க்கான சிகிச்சை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, இப்போது நோயாளிகளுக்குக் கொடுப்பதில்லை, ஒரு குழந்தையின் கொடி குடும்பத்தில் மற்றவர்களுக்குப் பொருந்தும் என்றும் உறுதி சொல்ல முடியாது என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். யோக்கியத்தை எப்போதும் கடைசிப் பத்தியில், பொடி எழுத்தில்தான் வைப்பார்கள்.

எழுதி முடித்துப் பக்கத்தில் அடுக்கியபோது மூன்றாவது மடிப்பில் இடம் போதவில்லை. ஏஜெண்டுக்குக் குழந்தைப் படம் பெரிதாக வேண்டுமாம். எங்கள் அச்சகத்தில் இருந்ததே ஒரே ஒரு குழந்தைதான். பிஸ்கட்டுக்கும் அதுதான் சிரிக்கும், சோப்புக்கும் அதுதான், பால்பவுடர் காலண்டருக்கும் அதுதான். எங்கள் ஊரில் எந்தத் தாய் வயிற்றிலும் பிறக்க வாய்ப்பில்லாத ரோஸ் நிறக் குழந்தை. அதைப் பெரிதாக்கினேன். ஆறு வரி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் கடைசிப் பத்தியைத் தூக்கினேன். ஆறே வரி. கச்சிதமாக உட்கார்ந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் கை சும்மா இருக்கவில்லை. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். 'நம் முன்னோர் வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டிய ரகசியம், இன்று விஞ்ஞானமாக உங்கள் வாசலில்!' எங்கள் பக்கம் பிள்ளைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை எடுத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டுவார்கள். தீராத சீக்கு வந்தால் அதைத் தேனில் உரைத்துக் கொடுக்கலாம் என்பது நம்பிக்கை. அதைக் கொண்டுபோய் இதில் கோர்த்துவிட்டேன். ஏஜெண்டு படித்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். ப்ரூப்பில் கையெழுத்துப் போட்டார். விட்டுப்போன ஆறு வரியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அலமாரித் தட்டில் எல்லாம் கலர் தப்பிய காகிதம் விரித்திருக்கும். மூக்கு இரண்டாகத் தெரியும் முருகன், பச்சை முகத்தோடு சிரிக்கும் நடிகை, எல்லாரும் மிளகாய்த்தூள் டப்பாவுக்குக் கீழே கிடப்பார்கள். அந்த நோட்டீஸ் ஓடியபோதும் சிவப்பு விலகிப்போய் ஒரு கட்டு வீணானது. வழக்கம்போல வாரிக்கொண்டு போய் அக்கா வீட்டில் கொடுத்தேன். அவள் சமையலறைத் தட்டுகளில் விரித்தாள்.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்பேன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நல்ல தாட்டியான ஆள். வெடிமருந்துக் கலவை அறைக்கு யாராவது செல்போனோடு வந்துவிட்டால் அவர் போடுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். அவரிடம் வேலைக்கு வந்தவர்களில் ஒருத்தருக்கும் ஒரு தீக்காயம் பட்டதில்லை என்று கம்பெனியில் பெருமையாகச் சொல்வார்கள். என்னைப் பார்த்தால் மட்டும், "என்ன மாப்ள, இன்னைக்கு எத்தன பேர அச்சடிச்சு ஏமாத்துன?" என்பார். எனக்கு அது பிடிக்காது.

வைகாசியில் லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. எங்கள் ஊரில் மாரடைப்பை யாரும் மாரடைப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வாயுப்பிடிப்பு. இரண்டு சோடா உடைத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது சோடாவுக்கு முன் விழுந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனோம். பிழைத்தார். ரத்தக்குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும், ஒரு மாதத்துக்குள் வாருங்கள் என்றார் டாக்டர். அத்தான் பவ்யமாகத் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அக்கா அலமாரியைத் துடைத்தாள். டப்பாவைத் தூக்கியபோது என் எழுத்து அவள் கண்ணில் பட்டது. நான் போனபோது அந்தத் தாளை அத்தான் முன்னால் வைத்து விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, இங்கன பாரு. பளுதான இதயத்தையும் புதுப்பிக்கும்னு போட்டிருக்கு. நெஞ்சக் கிளிக்க வேண்டியதில்ல. நம்ம பிள்ள மாசமா இருக்கா. கடவுளாப் பாத்து அனுப்புன மாதிரி இருக்குலே."

அக்காவுக்கு ஒரே மகள். அப்போது ஆறாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் ஆவணியில் பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வரும். பிள்ளையோடு கொடியும் வரும். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. அத்தான் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"பிள்ள பிறக்கட்டும். அதுக்கப்புறம் பாத்துக்கிடலாம்" என்றார்.

நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அக்கா, நான் ஆறு வரியை வெட்டிவிட்டேன், அது உங்களுக்கான மருந்து இல்லை, கிளம்புங்கள் மதுரைக்கு. நாலு வார்த்தை. சொல்லவில்லை. "டாக்டர் சொன்னத முதல்ல பாப்போம்" என்று முனகினேன். அந்த வீட்டில் நான்தான் படித்தவன். டாக்டர் சீட்டு, கரண்டு பில், பத்திரம், எது வந்தாலும் என்னிடம்தான் காட்டுவார்கள். குழந்தைப் படத்துக்கு இடம் பண்ணுவதற்காக உண்மையை வெட்டினேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆங்கிலத் தாள் அச்சகத்தில் ஆர்டர் பைலில்தான் இருந்தது. சைக்கிளில் பத்து நிமிஷம். நாலு மாதம் அது அங்கேயே இருந்தது.

ஏஜெண்டை அக்காவே போன் போட்டு வரவழைத்தாள். நோட்டீஸின் பின்பக்கத்தில் நம்பர் இருந்ததே. அவர் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். அக்கா காபி போட உள்ளே போன நேரத்தில் அத்தானும் அவரும் முன் அறையில் நெடுநேரம் பேசினார்களாம். படிவத்தில் கையெழுத்தாகிவிட்டது என்று அக்கா சாயங்காலம் சந்தோஷமாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் அந்தக் கொடி ஊர்ச்சொத்தாகிவிட்டது. தெருவில் நெஞ்செரிச்சல் இருந்தவர்கள் எல்லாம் அக்கா மகள் வயிற்றை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆனியில் வளைகாப்பு நடந்தது. சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு கிளறி வைத்திருக்கிறார்கள். பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மெல்ல ஆரம்பித்தார்.

"மதினி, நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக. பிள்ள எங்க வீட்டுப் பிள்ள. கொடியும் எங்க கொடிதான? எங்க வீட்லயும் அவுகளுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. அம்புட்டையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி?"

"அதெப்படி மதினி? பிரசவம் எங்க வீட்ல. கொடி இங்கனதான விளுது?" என்றாள் அக்கா.

"விளுகுறது எங்க வேணும்னாலும் விளும். வம்சம் யாரு வம்சம்?"

பிறக்காத பிள்ளையின் கொடிக்கு அங்கே பாகப்பிரிவினை நடந்தது. பாதிப் பாதி என்றார் ஒருவர். வயசில் மூத்தவருக்கு முதலில் என்றார் இன்னொருவர். கடைசியில் முதல் பிள்ளையின் கொடி பெண் வீட்டுக்கு, இரண்டாம் பிள்ளையின் கொடி மாப்பிள்ளை வீட்டுக்கு என்று பெரியவர்கள் கூடி முடித்தார்கள். இரண்டு பிள்ளையையும் பெறப்போகிறவள் கை நிறைய வளையலோடு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அப்போது எல்லார் மேலும் அப்படி ஒரு இளக்காரம். எவ்வளவு முட்டாள் கூட்டம் என்று நினைத்தேன். நோட்டீஸ் அடித்தவன் அந்தக் கூட்டத்தில்தான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

ஆடியில் அத்தானுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தெருமுனைக் கடைக்குப் போய்வர இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. கணுக்கால் வீங்கியது. "மதுரைக்குப் போயிட்டு வருவோமா அத்தான்?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். மகள் இருந்த அறைப்பக்கம் கையைக் காட்டுவார். "அது வரட்டும் மாப்ள. எதுக்கு அவசரம்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அக்கா சந்தனக்கல்லில் எதையோ உரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாய் திறந்த வெள்ளித் தாயத்து. கல்லின் மேல் கருவேலம்பட்டைத் துணுக்குப் போல ஏதோ கறுப்பாக இருந்தது.

"என்னக்கா அது?"

"பிள்ளையோட கொடி. இவ பிறந்தப்ப அடைச்சு வச்சது. பேரப்பிள்ள வார வரைக்கும் இதாவது தாங்கட்டும்னு பாக்குறேன்."

இருபத்திரண்டு வருஷத்துச் சருகு. எனக்கு மண்டை சூடேறிவிட்டது. "ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அது செத்த தோலு. அதுல ஒரு எளவும் கெடையாது. நெஞ்சு கெட்டுப்போன மனுசனுக்கு இதையா குடுப்ப?" என்று கத்தினேன்.

அக்கா பதற்றமே இல்லாமல் எழுந்தாள். மிளகாய்த்தூள் டப்பாவை நகர்த்தி, தட்டில் விரித்திருந்த தாளை உருவிக்கொண்டு வந்தாள்.

"இத எழுதுனது யாருல? நீதான? முன்னோர் ரகசியம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்க. முன்னோருக்குத் தெரிஞ்சிருக்குன்னு சொல்லுத, விஞ்ஞானம்னு சொல்லுத, இப்ப செத்த தோலுன்னு சொல்லுத. எதுல உண்மைய எழுதுன, எதுல பொய்ய எழுதுன? நீயே சொல்லு."

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பைலில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அத்தான் கட்டிலில் சாய்ந்தபடி எங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தேனில் குழைத்த அந்தக் கறுப்பை விரலால் எடுத்து நீட்டினாள். அவர் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டார். தண்ணீர் குடித்தார். "கசக்குடி" என்றார்.

ஆவணிக் கடைசியில் வலி கண்டது. சென்னைக் கம்பெனி முன்பே அனுப்பியிருந்த பெட்டியை அக்கா சாமி அலமாரியில் வைத்திருந்தாள். ரத்தம் பிடிக்கிற பையும் குழாயும் இருந்த பெட்டி. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கோலத்தில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நர்சம்மா சுத்தமான துணியால் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. கறுப்பாக, கோபமாக, நல்ல சத்தத்தோடு. டாக்டரம்மா கொடியில் ஊசி குத்தி ரத்தத்தைப் பையில் பிடித்தார். ஏஜெண்டு டை கட்டிக்கொண்டு தயாராக நின்றார். பெட்டியை வாங்கி ஒட்டினார்.

"எப்ப சார் இவுகளுக்கு ஊசி போடுவீக?" என்று அக்கா கேட்டாள்.

ஏஜெண்டு திடுக்கிட்டு அத்தானைப் பார்த்தார். அத்தான் குறுக்கே வந்தார். "அதெல்லாம் நான் பேசிக்கிடுதேன். நீ போயி பிள்ளையப் பாரு."

பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போன ஏஜெண்டை நான் பின்னாலேயே போய்ப் பிடித்தேன். நாலு மாதமாக உள்ளே கிடந்தது எல்லாம் அவர் மேல் பாய்ந்தது. ஒரு நோயாளியை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாய், டையைப் பிடித்து இழுத்து நடுரோட்டில் நிறுத்துவேன் என்று சத்தம் போட்டேன். யார் எதைப் பேசுவது என்று எனக்கு வெட்கமே இல்லை.

"சார், சார், மெதுவா" என்றார் அவர். "ஒங்க அத்தான்கிட்ட நான் மொத நாளே சொல்லிட்டேன். இது ஒங்களுக்கு ஆகாது, இதயத்துக்கு இன்னும் யாருக்கும் குடுக்கல, நீங்க ஆபரேசன் பண்ணிக்கங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தெரியும்னார். அப்புறம் எதுக்குங்க சேர்றீங்கன்னேன். பேரப்பிள்ளைக்கு இருக்கட்டும், வீட்டுல மட்டும் சொல்லிராதீங்கன்னு கையப் பிடிச்சுக்கிட்டார். நான் என்ன சார் செய்ய?"

பஸ் வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என் எழுத்தை நம்பி ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று உள்ளுக்குள் குமைந்தவன் நான். அந்தக் குமைச்சலிலும் ஒரு ஓரத்தில், என் எழுத்துக்கு அவ்வளவு சக்தி என்ற கர்வம் இருந்திருக்கிறது. அது அன்றைக்கு உடைந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் அத்தான் தனியாக உட்கார்ந்திருந்தார். அச்சகத்துக்குப் போய் அந்த ஆங்கிலத் தாளை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு வழியாக. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பத்தியை வெட்டினேன், எதற்காக வெட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளைத் தொடவில்லை.

"நீ எளுதுனதுக்காகவா நான் நம்பிட்டேன்னு நெனச்ச?" என்றார். "ஒன் பொளப்பு எனக்குத் தெரியாதாக்கும். போன வருசம் எங்க சங்குசக்கரத்துக்கு, 'வானத்தைத் தொடும்'னு லேபிள் அடிச்சவன்தான நீயி. அது முளங்காலத் தாண்டாது."

"பிறகு எதுக்கு அத்தான்?"

அவர் மூச்சை இழுத்து விட்டார். "பயம் மாப்ள. வேறென்ன? முப்பது வருசமா வெடிமருந்துக்குள்ள நிக்கேன். அங்கயும் பயம்தான். பயம் இல்லாதவன நான் உள்ளயே விட மாட்டேன். ஆனா அங்க ஒரு அறைக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். ஏதாச்சும் ஒண்ணுன்னா எந்தப் பக்கம் ஓடணும்னு எனக்குத் தெரியும். மயக்க ஊசி போட்டு, நெஞ்ச ரம்பத்தால அறுத்துப் போட்டு வச்சிருக்கும்போது நான் எந்த வாசல் வளியா ஓடுறது? சொல்லு."

அவரே தொடர்ந்தார்.

"போர்மேனுக்குக் கத்தியக் கண்டா பயம்னு ஒங்க அக்காகிட்ட எப்படிச் சொல்ல? அப்பதான் ஒன் நோட்டீஸ் வந்துச்சு. பிடிச்சுக்கிட்டேன். அது இல்லேன்னா வேற ஏதாச்சும் ஒண்ணு."

"அந்தத் தாயத்து? அதையும் தெரிஞ்சேதான் முளுங்கினீகளா?"

"வேண்டாம்னா ஏன்னு கேப்பாள்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று இருந்தது. அதே நேரத்தில் அந்தத் தாட்டியான உடம்பு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுப் பேசிய பழக்கமில்லை. "நான் கூட இருக்கேன். அறுக்குற வாசல்லயே உக்காந்திருப்பேன். வாங்க, போவோம்" என்றேன். "சரி" என்றார்.

புரட்டாசி முதல் வாரம் மதுரைக்குப் போனோம். அக்காவிடம், சென்னைக் கம்பெனிக்காரர்கள் மறுபடி ஒரு தடவை டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று அத்தானே ஒரு கதை சொல்லி அழைத்து வந்திருந்தார். டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதயம் வீங்கிப் பெரிதாகிவிட்டது, பம்ப் பண்ணும் சக்தி பாதிக்கும் கீழே போய்விட்டது, சிறுநீரகமும் கெட ஆரம்பித்துவிட்டது, இனி மேசையில் படுக்க வைத்தால் எழுப்ப முடியாது என்றார். மாத்திரையில் எத்தனை நாள் ஓடுகிறதோ ஓடட்டும். அன்றைக்கே வந்திருந்தால் இன்னும் பதினைந்து இருபது வருஷம் இருந்திருப்பார் என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"நாலு மாசம் என்ன செஞ்சீங்க? ஒரு மாசத்துல வாங்கன்னு சொன்னேனே. ஏன் வரல?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தன் கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் பேசினாள். விரலை என் பக்கம் நீட்டினாள்.

"இவன் எளுதுனதப் படிச்சுட்டுத்தான் சார். என் தம்பிதான் சார். தொப்புள்கொடியிலயே சரியாயிரும்னு இவன்தான் சார் எளுதுனான்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தான் இப்போது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். போன வாரம்தான் பெஞ்சில் என்னை விடுதலை பண்ணியவர். அவர் தலையைத் தூக்கவே இல்லை. எனக்குப் புரிந்தது. நான் சொல்லலாம். 'அவருக்கு எல்லாம் தெரியும் சார், பயந்துகொண்டு பொய் சொன்னார்' என்று சொல்லலாம். சொன்னால் அக்காவுக்குத் தன் புருஷன் அவள் கையால் கொடுத்ததை வாயில் வாங்கிக்கொண்டே நாலு மாதமாக அவளை ஏமாற்றினான் என்பது தெரியும். "ஆமா சார், நான்தான் எழுதினேன்" என்றேன்.

தைப் பொங்கலைப் பார்த்துவிட்டு அத்தான் போய்ச் சேர்ந்தார். பேத்தி அவர் மார்பில் படுத்து விளையாடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். அக்கா மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் எந்தக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தாலும், எந்தச் சீட்டைப் படித்துச் சொன்னாலும், "இவன் சொல்றத வேற யார்ட்டயாச்சும் ஒரு தடவ கேட்டுக்கோங்க" என்று பத்துப் பேர் முன்னால் சொல்வாள். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அதில் தியாகம் ஒன்றும் கிடையாது. என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டு யாரும் கண்ணைத் துடைக்க வேண்டாம். அந்த ஆறு வரி இருந்திருந்தால் அத்தானுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் குறைந்திருக்கும். அக்காவும் விட்டிருக்க மாட்டாள், இழுத்துக்கொண்டு போய் மேசையில் படுக்க வைத்திருப்பாள். அந்தச் சாவில் அவருடைய பயத்துக்குப் பாதி என்றால் என்னுடைய ஆறு வரிக்குப் பாதி.

அக்கா போன வருஷம் படுத்தாள். கடைசிப் பத்து நாளில் ஒரு சாயங்காலம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஏலே, அத்தான் விசயத்துல ஒன்னய ரொம்ப ஏசிட்டேன். வேணும்னேவா செஞ்ச? பொளப்புக்கு எளுதுன. நாந்தான் அவுகளப் பிடிச்சு இளுத்துட்டுப் போயிருக்கணும். அவுக பாவம், வெள்ளந்தி. எதச் சொன்னாலும் நம்பிருவாக. ஒன்னய மன்னிச்சுட்டேன், போ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.